எந்தக் கணக்கு லெட்சுமி

ஆகஸ்ட் 16, திங்கள்

இந்தக் கொரோனா வார்ட்டில் தமிழில் சாவுச் செய்தி சொல்வதற்கென்று ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அது நான். நியமனக் கடிதத்தில் தாதி என்று மட்டும்தான் இருக்கிறது.

காற்று. மூன்று நாளாக இதே காற்று, ஒரு சொட்டு மழை இல்லை. பதுளை முழுக்கப் புழுதி. விடுதிக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. காயப்போட்ட சீருடையைப் பக்கத்து வேலியிலிருந்து எடுத்து வந்தேன்.

காலை ஷிஃப்ட், 7 முதல் 1 வரை. வெளியே வந்தது 3.50க்கு.
கட்டில் 22. தமிழ் ஆட்கள் 13. எல்லாரும் தேயிலைத் தோட்டம்.
தமிழ் பேசும் தாதி 1.
வீடுகளுக்கு அழைத்தது 19. நல்ல செய்தி 2.
நான் தண்ணீர் குடித்தது ஒரு தடவை.

தலையோடு கால் மூடும் பாதுகாப்புக் கிட் போட்டுவிட்டால் யார் யாரென்று தெரியாது. அதனால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்கிறோம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். இன்று என் முதுகில் ‘தமிழ் பேசுவேன்’ என்று எழுதச் சொன்னேன். நிலூகாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கையுறைப் பெட்டியில் எழுதிக் காட்டினேன், பார்த்து வரைந்தாள். ‘ழ்’ தேள் மாதிரி வந்திருக்கிறது. நி. நல்லவள். வெலிமடைக்காரி, என்னைவிட இரண்டு வயது மூப்பு. ‘நங்கி’ என்றுதான் கூப்பிடுவாள், தங்கச்சி என்று.

க-9, க-14. இரண்டு கட்டிலிலும் லெட்சுமி. இரண்டு பேரும் எஸ். லெட்சுமி. இரண்டு பேரும் ஹாலிஎலைக்கு மேலே ஒரே தோட்டம், கொழுந்து எடுப்பவர்கள், ஐம்பது சொச்சம். முதலில் 9இல் இருந்தவள்தான் இப்போது 14. சனிக்கிழமை மூச்சு மோசமாகி, ஒட்சிசன் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாற்றினோம். காலியான 9இல் மற்ற லெட்சுமி வந்து படுத்தாள்.

இப்போதைய 9க்கு வாய் நிற்காது.

“ஏ பிள்ள, அந்த மூடாக்க கழட்டி மொகத்த ஒருக்கா காட்டேன். ஒன்னையப் பாத்தா கொரோனா ஓடிருதான்னு பாப்போம்.”

“கழட்டுனா எனக்கு வேல போயிரும்மா.”

“போனா போகட்டும். எங்க மலைக்கு வா. கொழுந்துக்கு ஆள் பத்தல.”

பெயர் ஒன்றாக இருப்பதைக் கேட்டேன். “எங்க ரெண்டு பேருக்கும் கடுதாசியே மாறித்தான் வரும். ஒருக்கா எனக்கு வந்த கல்யாணப் பத்திரிக்கைக்கு இவ போயி பந்தியில ஒக்காந்துட்டா” என்று 14ஐக் காட்டினாள். 14 முகமூடிக்குள் சிரித்தாள். அல்லது மூச்சு வாங்கினாள்.

அம்மா ஃபோன். சாப்ட்டியா? சாப்ட்டேன். பொய். மொகம் தெரிய வீடியோல வா. டேட்டா இல்லம்மா. பொய். மூக்குத் தண்டில் மாஸ்க் அறுத்த புண். அதைப் பார்த்தால் நாளைக்கே பஸ் ஏறி வந்து நிற்பாள்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

மனநலக் கூட்டம். சூமில், சிங்களத்தில். ஷிஃப்ட் முடிந்த பிறகு, கட்டாயம். கொழும்பிலிருந்து ஓர் அம்மையார், பின்னால் பூச்சாடி. சொன்னவை:

எட்டு மணி நேரம் உறங்குங்கள்.
பிடித்த பாட்டுக் கேளுங்கள்.
நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நாலு எண்ணும்வரை விடுங்கள்.

வார்ட் முழுக்க இரண்டு எண்ணும்வரை இழுக்க முடியாதவர்கள்.

பிறகு இது: “நீங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள். தேயிலைச் செடியைப் பாருங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அதுதான் மீண்டெழும் சக்தி.” எல்லாரும் திரையில் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தே இருக்க மாட்டார். அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வெட்டிய மலையில் மாதக்கணக்கில் யாரும் கை வைக்க மாட்டார்கள். துளிர் வந்தாலும் கிள்ள விட மாட்டார்கள். செடிக்கு அவ்வளவு ஓய்வு. எனக்கு நாளை காலை 7.

கூட்டத்துக்குப் பிறகு ஒரு படிவம். ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று தொடங்கும் ஒன்பது கேள்விகள். மேலே ‘இரகசியம் பேணப்படும்’. கீழே பெயர் எழுத ஒரு கோடு. உதவி செய்வதற்காம். உண்மையை நிரப்பினேன். தூக்கமின்மை: அநேகமாக ஒவ்வொரு நாளும். கவனம் நிற்காமை: அநேகமாக ஒவ்வொரு நாளும். நி. எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டாள். ஏன் என்றேன். “இந்தப் படிவத்தை யார் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா, நங்கி?” என்றாள்.

4 மணிக்கு வழக்கம்போல் செல்வத்தின் ஃபோன். க-14இன் மகன், பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறவர்.

“அம்மா தேத்தண்ணி குடிச்சாங்களா மிஸ்? ஆஸ்பத்திரி தேத்தண்ணிய வாயில வைக்காதே அது.”

“ரெண்டு வாய் குடிச்சாங்க.”

“ஒரே ஒரு நிமிசம் ஃபோன அம்மா காதுல வைக்க ஏலுமா? பேச வேணாம், நான் பேசுறத கேட்டா போதும்.”

கிட் கழற்றிக் குளித்துவிட்டேன். மறுபடி உள்ளே போக முடியாது. நாளைக்குக் காலையில் வைக்கிறேன் என்றேன். “கண்டிப்பா?” கண்டிப்பா.

ஆகஸ்ட் 18, புதன்

10.40. உடை மாற்றும் அறை. கிட் கிழிந்துவிட்டது, புதிதாக மாற்ற வந்த இடத்தில் பத்து நிமிடம்.

நல்ல நாள். க-9க்கு டிக்கெட் வெட்டியாச்சு. வீட்டுக்குப் போகிறாள். புத்தகத்தில் 9க்கு நேரே இருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள், மருமகளாம்.

“லெட்சுமிக்கு டிக்கெட் வெட்டியாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும். “சாமி! மாமிக்கா? நெசமாவா மிஸ்?”

“நெசமாத்தான். பேசுறீங்களா? ஃபோன கொண்டு போய்க் குடுக்கவா?”

“வேணாம் மிஸ், நீங்க வேலையப் பாருங்க. அவர இப்பவே அனுப்புறேன், நேர்லயே பேசிக்குவாங்க.”

இந்த மாதத்தில் என் குரலைக் கேட்டுச் சிரித்த முதல் ஆள்.

நி. ஏதோ கேட்டாள். வீட்டுக்குப் போகிறவர்களின் பெயரை அவள் வாசித்தபோது க-14 தலையாட்டி ஏதோ சொன்னாளாம். ‘மே கனக்கு, மே கனக்கு’ என்று. ‘மே’ என்றால் சிங்களத்தில் ‘இது’. “இது என்ன கனக்கு, நங்கி?” நான் க-3இன் மகளுடன் ஃபோனில். கணக்கு என்றால் பில், காசுக் கணக்கு கேட்கிறாள், இங்கே காசு கட்டத் தேவையில்லை என்று சைகை காட்டு என்றேன். நி. அப்படியே நோயாளிக் குறிப்பிலும் எழுதிக்கொண்டாள்.

12க்குள் செல்வத்துக்கு ஃபோன். மறக்கக் கூடாது.

இரவாகவில்லை இன்னும். 6 மணி. விடுதி. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பிறகு மேலே உள்ளவர்கள் வேறு வரிசை சொல்வார்கள்.

12.15. செல்வத்துக்கு எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு 14இன் காதருகே பிடித்தேன். த்ரீவீல் சத்தம். நான் வாயைத் திறக்கும் முன்னே, “வந்துக்கிட்டே இருக்கேன் மிஸ்! அம்மாகிட்ட நேர்லயே பேசிக்கிறேன்!” கட்.

14 கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள்.

துணிமணி கொடுக்க வருகிறார், உள்ளே விடுவார்கள் என்று தப்பாக நினைத்திருக்கிறார் என்று எண்ணினேன். திரும்ப எடுக்கப் போனேன். க-3க்கு இதயம் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடினேன்.

1.10. க-14 போய்விட்டாள். நான் 3இல். அவள் பக்கத்தில் நி.

1.30. வாசலிலிருந்து காவலாளி: லெட்சுமியைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்கிறது. கிட் கழற்றி வெளியே வந்தேன். போகிற வழியில் 9ஐ விட்டுவிட்டுப் போ என்றார் பெரிய சிஸ்டர் (பெ.சி.), வார்ட்டின் பொறுப்பாளர். சக்கர நாற்காலி. மடியில் துணிப்பை. பின் கதவு வழியாகக் கூட்டிவந்தார்கள், 14ஆம் கட்டிலை அவள் பார்க்கவில்லை.

“இதுதானா ஒன் மொகம்? சின்னப் பிள்ளையா இருக்கியே! எவன் ஒன்னைய இந்த வேலைக்கு அனுப்புனது?” வாசல்வரை வாய் ஓயவில்லை.

வாசலில் ஒருவர். ஒரு கையில் சிவப்பு ஸ்வெட்டர், ஒரு கையில் பிளாஸ்க். நாற்காலியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“எங்கம்மா எங்க மிஸ்?”

அந்தக் குரல். தினமும் 4 மணிக்குக் கேட்கிற குரல்.

9தான் முதலில் பேசினாள். “டேய் செல்வம்! நீ எங்கடா இங்க? மிஸ்ஸு, இவன் மேக்கணக்கு லெட்சுமி மகன். நான் கீக்கணக்கு.”

மேக்கணக்கு.

மேல் கணக்கு. தோட்டத்தின் மேல் பிரிவு. எந்தத் தோட்டத்திலும் மேக்கணக்கு உண்டு, கீக்கணக்கு உண்டு. நான் பிறந்ததே ஒரு கீக்கணக்கு லய வீட்டில். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கணக்கு? காலையில் அந்த மனுசி காசு கேட்கவில்லை. நீ கூப்பிடுகிற லெட்சுமி நானில்லை, நான் மேக்கணக்கு என்று, மூச்சே இல்லாத மூச்சில், சரியாகச் சொல்லியிருக்கிறாள். கட்டில் மாறியபோது புத்தகத்தில் 9க்கு நேரே இருந்த ஃபோன் எண்ணை யாரும் மாற்றவில்லை. அவள் மாற்றப் பார்த்தாள்.

பிளாஸ்கை நீட்டியபடியே நின்றார். “சாயத் தண்ணி. வீட்டுல போட்டது.”

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தமிழில்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, வியாழன்

ஓய்வு நாள். படுத்தே கிடந்தேன். நாலு எண்ணி மூச்சிழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செல்வத்திடம் உடலைத் தரவில்லை, மூடிய பெட்டியைத் தூரத்திலிருந்து காட்டினார்களாம். நி. வந்து சொன்னாள். கொத்தமல்லி அவித்துக் கொண்டு வந்திருந்தாள். என் முதுகைத் தேய்த்தாள். அவளும் அழுதாள். “நான் இன்னொரு தடவை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்” என்றாள். அவள் கேட்டாள். நான்தான் கேட்கவில்லை.

நேற்று 14இன் கையை அவள் பிடித்திருந்தாள், கடைசிவரை. அதையும் எழுதி வைக்கிறேன். அதை எந்தக் குறிப்பிலும் எழுத மாட்டார்கள்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

விசாரணை. பெ.சி. மேசையில் கோப்பு. கோப்பின் மேலே என் மனநலப் படிவம். இரண்டு விடைகளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள். ‘இரகசியம் பேணப்படும்’ என்ற வரி அப்படியே இருக்கிறது, அதற்கு வட்டம் இல்லை.

“நீயே எழுதியிருக்கிறாயே, கவனம் நிற்பதில்லை என்று. பிறகு ஏன் வேலைக்கு வந்தாய்?”

“நான் வராவிட்டால் அந்தப் பதின்மூன்று பேரிடம் யார் பேசுவது?”

“அது வேறு விஷயம்.”

சிங்களத்தில் ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. ‘போதிய ஓய்வும் சுயபராமரிப்பும் எடுத்துக்கொள்ளாததால் எனது கவனக்குறைவால்’ என்று. ஒப்பமிட்டால் எச்சரிக்கையோடு முடியுமாம். எனது கவனக்குறைவு, உண்மை. அதை ஆயிரம் தடவை எழுதித் தருவேன். ஆனால் தூங்காதது என் குற்றமா? அனுமதிப் படிவத்தில் தோட்டத்தின் பெயருக்கு ஒரு கோடு, கணக்குக்குக் கோடு இல்லை. அது என் கவனமா? பத்தொன்பது அழைப்பை ஒரு வாய் பேசுவது என் சுயபராமரிப்பா?

ஒப்பமிடவில்லை. வெளியே நி. நின்றாள். “போட்டுவிடு நங்கி, முடியட்டும்.” அவளுக்கு எதுவும் முடிந்தால் போதும். பயம். அவள் பயத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ போட்டவள் அவள்தான், விவரமானவள்.

லினன் அறை. கம்பளிக் குவியலில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். நி. கதவுக்கு வெளியே காவல். ஐந்து நிமிடம். பிறகு மாஸ்க்.

ஆகஸ்ட் 21, சனி

அம்மா ஃபோன்.

“கேட்டியா கதைய? பதுளையில ஒரு தமிழ் மிஸ், செத்துப்போனவள டிக்கெட் வெட்டியாச்சு கூட்டிட்டுப் போன்னு சொன்னாளாம். வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல காலையிலயிருந்து இதே பேச்சு. ஸ்வெட்டரோட போயி நின்னானாம் அந்தப் பையன். எந்தப் பாவி பெத்ததோ.”

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“என்னடி, சத்தத்தக் காணோம்?”

“நான்தாம்மா அது.”

ஃபோனில் காற்று. அங்கேயும் இதே காற்றுத்தான்.

“சாப்ட்டியா?” என்றாள்.

“இல்ல.”

“போயி சாப்டு. தின்னுட்டுப் பேசு.”

பாணும் சம்பலும் தின்றேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், மெல்கிற சத்தத்தை.

பிறகு கடிதம் எழுதினேன். வாக்குமூலத்துக்குப் பதில். தவறு நடந்த விதம், நிமிடம் நிமிடமாக. என் பங்கும். கடைசியில் மூன்று கோரிக்கை:

1. அனுமதிப் படிவத்தில் கணக்குக்கு ஒரு கோடு.
2. ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் தெரிந்த ஒருவர், பேசுவதற்கு மட்டும்.
3. என் மனநலப் படிவத்தைத் திருப்பித் தர வேண்டும்.

தமிழில் எழுதினேன். பெ.சி. திருப்பிப் பார்த்தார். “சிங்களத்தில் கொடு. இதை அலுவலகத்தில் யார் வாசிப்பது?” இரண்டும் அரசகரும மொழி என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன், புள்ளியும் போட்டார்கள். வாசிக்க ஆளில்லை என்பதுதான் கடிதத்தின் விஷயமே, சிஸ்டர் என்றேன். கோப்புக்கு அடியில் வைத்தார்.

ஆகஸ்ட் 23, திங்கள்

பதில் இல்லை.

கையிருப்பில் இருந்த அனுமதிப் படிவங்கள் எல்லாவற்றிலும் பேனாவால் ஒரு கோடு போட்டேன். ‘கணக்கு:’ என்று. நி. சிங்களத்தில் பக்கத்தில் எழுதினாள். புதிதாக வந்த ஒரு பாட்டாவிடம் நி. தானே கேட்டாள், “எந்தக் கனக்கு?” பாட்டா இருமலுக்கு நடுவே சிரித்துவிட்டார். “நடுக்கணக்கு, நோனா.” நி. என்னைத் திரும்பிப் பார்த்தாள், பரீட்சையில் பாஸான மாதிரி.

மதியம் பெ.சி. வந்து படிவங்களை அள்ளிக்கொண்டு போனார். அரச ஆவணத்தில் கிறுக்கக் கூடாதாம். 3 மணிக்குப் புதிய கட்டு வந்தது. கோடு இல்லாமல்.

4 மணிக்கு வார்ட் ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

“செல்வம் பேசுறேன் மிஸ்.” திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா அம்மா பக்கத்துல யாரு இருந்தா?”

“நிலூகான்னு ஒரு மிஸ். கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“அம்மா ஏதும் பேசுனாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒன் பேரச் சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வீடுகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். நல்லபடியாகத்தான் சொன்னேன் அப்போதெல்லாம். இவரிடம் முடியவில்லை.

“காலையில மேக்கணக்கு, மேக்கணக்குன்னு சொல்லிருக்காங்க. நிலூகா மிஸ் என்கிட்ட கேட்டாங்க, என்ன அதுன்னு. நான்தான் காசுக் கணக்குன்னு சொல்லிட்டேன்.”

மூட்டை விழுகிற சத்தம். யாரோ விலை கூவுகிறார்கள்.

“அப்ப எங்கம்மா சரியாத்தான் சொல்லிருக்காங்க.”

“ஆமா.”

“நீங்க தோட்டத்துப் பிள்ளதானே மிஸ்?”

“ஆமா.”

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 26, வியாழன்

காற்று நின்றுவிட்டது. தகரச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

பதில் இல்லை. கேட்டேன், காலையில். “எல்லாம் பரிசீலனையில்” என்றார் பெ.சி. வாக்குமூலம் இன்னும் மேசையில், என் பெயருக்கு நேரே வெறும் கோடு. நான் கேட்ட கோட்டுக்குத்தான் இடமில்லை.

2 மணி. மறுபடி சூம். அதே அம்மையார், புதுப் பூ. இன்றைய தலைப்பு, துயரத்தைப் பகிர்தல். அடக்கி வைக்காதீர்கள், பேசுங்கள் என்கிறார். கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். கண்ணை மூடச் சொல்கிறார். எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் சிவப்பு ஸ்வெட்டர்.

“யாராவது பேச விரும்புகிறீர்களா?”

மைக்கைத் திறந்தேன். தமிழில் சொன்னேன்.

“ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் குடுங்க.”

அம்மையார் சிரிக்கிறார். கையைக் காதருகே வைக்கிறார். “கேட்கிறது மகள், ஆனால் விளங்கவில்லை. சிங்களத்தில் சொல்ல முடியுமா?”

முடியும். ஒன்பது வருடமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். திரையில் பெ.சி. தலையை ஆட்டுகிறார், வேண்டாம் என்று. நி. தன் மைக்கைத் திறக்கிறாள். மூடுகிறாள். மறுபடி திறக்கிறாள்.

இன்னொரு தடவை சொன்னேன், மெதுவாக, க-14 சொன்ன மாதிரி.

“தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் குடுங்க.”

மைக் திறந்தே இருக்கிறது.